புறங்கைச் சிரிப்பு

நேற்றே கையெழுத்துப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் இந்நேரம் சேலத்தில், தன் கட்டிலில், முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கலாம். காகிதத்தில் இருந்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததுதான் உறுத்தியது.

சென்னம்மாள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் வண்டியோட்டும் அங்கப்பன் அதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருப்பான். காலை ஏழு மணிக்கே வேடிக்கை கேட்கும் வயதை அவள் தாண்டிவிட்டாள்.

ஏற்காட்டிலிருந்து தலைச்சோலைப் பக்கம் போகும் எஸ்டேட் பாதையில் அந்தக் கரிவண்டி இருமிக்கொண்டே ஏறியது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போன பிறகு அங்கப்பன் தன் வாடகைக் காருக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதன் வாயுவில் ஓட்டிக்கொண்டிருந்தான். அரை மைலுக்கு ஒருமுறை இறங்கி அதைக் கிளறிவிட வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் அவன் நாடகக் கம்பெனியில் பபூன். பேசும்படம் வந்து நாடகக் கொட்டகைகள் காலியானதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். வாயை மட்டும் விடவில்லை.

“ஏனுங்க அக்கா, இந்த வண்டிக்கும் எனக்கும் ஒரே பொருத்தமுங்க. வயித்துல நெருப்பு, மேல புகை. பாக்கறவிக பெரிய எஞ்சினுன்னு நெனச்சுக்குவாங்க.”

“ரோட்டைப் பாரு அங்கப்பா.”

“ரோடு எங்கீங்க இருக்குது? மஞ்சுதான் இருக்குது. நேத்து ரோடு இருந்த ஞாபகத்துல ஓட்டறேன்.”

அவள் மடியிலிருந்த புகைப்படத்தை எடுத்தாள். கோர்ட்டில் தாக்கலான படத்தின் நகல். காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஒரு பெண். தலையில் முண்டாசு போலச் சுற்றிய துணி, காதுக்கு மேலே செருகிய வெள்ளைப் பூங்கொத்து, வாயைக் கையால் மறைத்தபடி சிரிப்பு. நெற்றியும் கண்களும் மட்டும்தான் தெரிந்தன. இதே படத்தை வண்ணத்தில் எழுதித்தான் பொற்கலசம் காப்பித்தூள் டப்பாவின் மேல் ஒட்டியிருந்தார்கள். சேலம் ஜில்லாவில் அந்த டப்பா இல்லாத வீடு குறைவு.

வழக்கே அந்த டப்பாவைப் பற்றியதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ‘பவுனாத்தா’ என்றொரு பேசும்படம் வந்தது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண் பவுனாத்தா. அக்கிரமக்கார மேஸ்திரியை எதிர்த்து நின்று, கடைசியில் சிரித்துக்கொண்டே மலைச்சரிவில் இறங்கிப் போகிறவள். அந்த வேஷம் போட்ட மரகதவல்லியை அதற்குப் பிறகு யாரும் மரகதவல்லி என்று கூப்பிடவில்லை. ரயிலடியில், கோவிலில், துணிக்கடையில், எங்கே போனாலும் பவுனாத்தாதான். டப்பாவைப் பார்த்ததும் அவள் வழக்குப் போட்டாள். அது என் முகம், என் பாத்திரம், என்னைக் கேட்காமல் விற்கிறார்கள் என்றாள்.

காப்பிக் கம்பெனி மறுத்தது. படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1938-இல், தாங்கள் எடுத்த புகைப்படம் அது. அதிலிருப்பது தோட்டத்தில் வேலை செய்யும் ஆராயி என்ற பெண். சாட்சியாக ஆராயியின் கைநாட்டு வைத்த சத்தியப் பத்திரம் ஒன்றையும் கொடுத்தது.

அந்தப் பத்திரம் மெய்யா பொய்யா என்று பார்க்கத்தான் மரகதவல்லியின் வக்கீல் சென்னம்மாளை அமர்த்தியிருந்தார். ஆண்கள் நுழைய முடியாத இடங்களில் விசாரிக்கச் சேலத்து வக்கீல்கள் பதினைந்து வருஷமாக அவளைத்தான் அனுப்புகிறார்கள். அதோடு அவள் வெள்ளக்கடைப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர்.

நேற்று மாலை, ஏரிக்கரையில் மரகதவல்லி வாடகைக்கு எடுத்திருந்த பங்களாவில் வைத்து, சென்னம்மாள் ஐந்தே நிமிஷத்தில் பத்திரத்தை உடைத்துவிட்டாள். பூதக்கண்ணாடி கூடத் தேவைப்படவில்லை. பெண்ணின் காதோரம் இருந்தது மல்லிகை அல்ல, காப்பிப் பூ. எந்தத் தோட்டக்காரியும் காப்பிப் பூவைத் தலையில் வைக்க மாட்டாள். ஒரு பூ ஒரு பழம். பூவைக் கிள்ளினால் துரை அபராதம் போடுவார். அதற்கு முன்னால் பக்கத்துச் செடிவரிசையில் நிற்கும் நிரைக்காரியே திட்டித் தீர்த்துவிடுவாள். ஏழு வயதில் சென்னம்மாள் ஒரு கொத்தைச் செருகிக்கொண்டு வாசலில் நின்றபோது அம்மா ஓடிவந்து அறைந்து பிடுங்கினாள். அது பூ இல்ல கண்ணு, மார்கழிக் கூலி என்றாள். அந்த அறை இன்னும் கன்னத்தில் இருந்தது. ஆக, படத்திலிருப்பவள் தோட்டக்காரி இல்லை. தோட்டத்தை அழகு பார்க்க வந்த வெளியாள். அதாவது நடிகை.

மரகதவல்லி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வளையல் குலுங்கச் சிரித்தாள். வக்கீல் உடனே ஆள் அனுப்பி அவள் சொன்னதை டைப் அடித்து வாங்கினார். கையெழுத்துத்தான் பாக்கி. பொய்ச் சத்தியத்துக்கு அந்த ஆராயியை முதலில் ஜெயிலுக்கு அனுப்புவோம், மற்றவர்கள் தானாக ராஜிக்கு வருவார்கள் என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் வெற்றிலையை மடித்த விதத்தில், சென்னம்மாளுக்கு ஒரு ஜோடிச் செருப்பு நினைவுக்கு வந்தது.

நான்கு வருஷத்துக்கு முன் ஆத்தூரில் ஒரு ஜீவனாம்ச வழக்கு. புருஷன் தள்ளிவைத்த பெண்ணின் வாசலில் ஆண் செருப்பு கிடப்பதைப் பார்த்து எழுதிக் கொடுத்தாள். எழுதியது உண்மை. செருப்பு இருந்தது. அவளுக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று தீர்ப்பான பிறகுதான் தெரிந்தது, அது அந்தப் பெண்ணின் செத்துப்போன அப்பாவுடையது. வீட்டில் ஆம்பிளை இருப்பதாகத் திருடன் நினைக்கட்டும் என்று ராத்திரிதோறும் எடுத்து வாசலில் போடுவாளாம். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று சென்னம்மாள் விசாரிக்கவில்லை. விசாரிப்பதே தொழிலாக இருப்பவளுக்கு விசாரிக்காமல் விட்டது மட்டும்தான் கணக்காக நினைவிருந்தது.

அதனால்தான் காலையில் எழுந்து, ஒரு தடவை அந்த ஆராயியைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிக் கிளம்பியிருந்தாள்.

தோட்டத்தில் பழம் பறிப்பு மும்முரமாக இருந்தது. மஞ்சு மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் பேச்சுச் சத்தம் வந்தது, பிறகு கூடைகள், பிறகுதான் பெண்கள். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு நிரைநிரையாக நின்று செடியைக் கோதிக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் ஒருத்தி கேட்டாள்.

“ஏனுங்க, அந்த அடுப்புல சோறு வேகுமுங்களா?”

“சோறு வேகாதுங்க, டிரைவர் நல்லா வெந்துருவான். மூஞ்சியப் பாருங்க” என்றான் அங்கப்பன். கரி அப்பிய முகத்தை இருபுறமும் திருப்பிக் காட்டினான். அவர்கள் சிரிக்கவும் பழைய மேடை ஞாபகம் வந்துவிட்டது அவனுக்கு. குரலை உயர்த்தினான். “இவிக யாருன்னு நெனச்சீங்க? சேலத்துல பெரிய துப்பறியறவிக. போன மாசம் என்ற கண்ணாடி காணாமப் போச்சு. ஊரெல்லாம் விசாரிச்சு, மூணு பேரை மெரட்டி, ஒரே நாள்ல கண்டுபுடிச்சுக் குடுத்தாங்க.”

“எங்கீங்க இருந்துச்சு?”

“என்ற மூக்கு மேலயேதானுங்க.”

நிரை முழுவதும் சிரித்தது. சென்னம்மாளும் அலுப்போடு சிரிக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

பதினோரு பெண்கள். பதினோரு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொத்தியது உள்ளங்கையால் அல்ல. மணிக்கட்டை மடக்கி, கையைத் திருப்பி, புறங்கையால்.

முன்னால் நின்றவள் பெயர் கண்ணாயி. சென்னம்மாள் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கப் பழச்சாறு காய்ந்து, கருத்து, பிசுபிசுவென்று ஒட்டியது.

“ஏன் கண்ணு, கையை இப்படித் திருப்பிக்கிட்டுத்தான் சிரிப்பீங்களா?”

கண்ணாயிக்குக் கேள்வியே புரியவில்லை. தன் கையைத் தானே ஒருமுறை பார்த்தாள். “உள்ளங்கை மூஞ்சியில பட்டா ஈ விடாதுங்களே. நெத்தியத் தொடைக்கறதும் இப்படித்தானுங்க. மூக்கச் சொறியறதும் இப்படித்தானுங்க.”

“வேலை இல்லாத நாள்லயும்?”

“கோயிலுக்குப் போனாலும் இப்படித்தானுங்க வருது. பழகிருச்சு.”

சென்னம்மாள் புகைப்படத்தை எடுக்கவில்லை. எடுக்காமலே தெரிந்தது. படத்துப் பெண்ணின் கையில் விரல் நகங்கள் தெரிந்தன. நகம் தெரிவதால் உள்ளங்கை வாயோடுதான் இருக்க வேண்டும் என்றுதான் நேற்று மேலோட்டமாக நினைத்திருந்தாள். அந்தக் கை உதட்டுக்கு மேலே, மணிக்கட்டு மடங்கி, விரல்கள் கேமராவைப் பார்த்துச் சுருண்டு நின்றது. நகமும் தெரிந்தது, உள்ளங்கையும் தெரிந்தது. புறங்கை வாயோடு இருந்தது.

அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. இந்த மலையிலேயே பிறந்தவள். அறை வாங்கியது நினைவிருந்தது. சுற்றி நின்றவர்கள் எப்படிச் சிரித்தார்கள் என்பது நினைவில்லை. டிரெஸ்ஸர் வீட்டுப் பெண் பழம் பறிக்கப் போனதில்லை. அவள் கை ஒட்டியதில்லை.

வண்டிப் பக்கம் வந்ததும் அங்கப்பனிடம் சொன்னாள். அவன் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“பூ என்ன சொல்லுது, இவ தோட்டக்காரி இல்லீன்னுது. கை என்ன சொல்லுது, தோட்டக்காரிதான்னுது. ரெண்டு சாட்சியும் ஒரே ஆளு மேல இருந்துக்கிட்டுச் சண்டை போட்டா நாம எந்தப் பக்கமுங்க?”

“ரெண்டும் நெசமா இருந்தா?”

“அப்படின்னா, பூ வெக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச ஒருத்திக்கு, தெரியாத ஒருத்தன் பூ வெச்சு உட்டுருக்கோணும்.”

சென்னம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் பபூன் வேஷத்தில்தான் புத்தியை ஒளித்து வைத்திருக்கிறான் என்று சில சமயம் தோன்றும். சொன்னால் அதற்குக் கூலி கேட்பான் என்பதால் சொல்லவில்லை.

எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டர் மாரிசாமி இருந்தார். பழைய கம்பளிக் கோட்டு, காதில் பென்சில். சினிமாக்காரர்கள் எப்போதாவது இங்கே வந்தார்களா என்று கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வந்த நாளையே காட்டுகிறேன் என்று அலமாரியிலிருந்து மழைப் புத்தகத்தை எடுத்தார். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதும் புத்தகம் அது. அங்குலத்தை நூறாக வகுத்து எத்தனை செண்டு மழை, எந்தக் காட்டில் பூ, எப்போது வாடியது எல்லாம் அதில் இருக்கும். தன் கையெழுத்தை ரசித்து ரசித்துப் படித்தார். 1940 மார்ச் இருபது, ஒரு அங்குலம் பத்து செண்டு. இருபத்தெட்டு, பூ விரிந்தது. இருபத்தொன்பது, முழுப் பூ. சினிமா ஆட்கள் வருகை. பதினேழாம் நம்பர் காட்டில் இரண்டு செடி நாசம். முப்பத்தொன்று, பூ வாடிற்று.

அந்த ஒரே நாள்தான். காலையில் வந்தார்கள், மூன்று மணிக்கு இறங்கிவிட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் கேமரா என்று ஒன்று இந்த எஸ்டேட்டுக்குள் வந்ததில்லை, துரை விடமாட்டார். ரைட்டர், பழத்தோல் உரிக்கும் பல்பிங் கொட்டகை வாசலில் நின்று தூரத்திலிருந்து பார்த்தாராம். தலை நிறையப் பூவோடு பவுனாத்தா சரிவில் இறங்கியதைக் கண்ணால் கண்டவன் நான் என்று இன்றைக்கும் மருமகப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சென்னம்மாள் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது, மூன்று, நாற்பது. அதை எங்கே பார்த்தோம்? நேற்று, ஏரிக்கரைப் பங்களாவில், மரகதவல்லி வரும்வரை காத்திருந்த அறையில். ஊர் மாறினாலும் கூடவே போகும் கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெள்ளிக் குத்துவிளக்கு, தந்தப் பேழை, நடுவில் ஒரு தங்கப் பதக்கம். கச்சேரிக்காகக் கொழும்பு ரசிகர்கள் அளித்தது. கீழே இதே தேதி. உருக்கினால் புது வண்டியே வாங்கலாம் என்று அங்கப்பன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருந்தான்.

ஆபீசில் கூடவே நின்று கேட்டிருந்த அவன், வெளியே வந்ததும் சொன்னான். “காலையில தலைச்சோலை, சாயங்காலம் கொழும்பு. அனுமாருக்கே அன்னிக்கு லேட்டாயிருக்குமுங்க.”

அவள் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

ஆராயி பறிக்கும் நிரையில் இல்லை. களத்து மூலையில் தனியாக உட்கார்ந்து, காய்ந்த கொட்டையிலிருந்து கறுப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். மரகதவல்லியின் உயரம், அவளைப் போலவே அகன்ற நெற்றி. அதற்கு மேல் ஜாடை ஒன்றுமில்லை. வக்கீல் ஆள் என்று தெரிந்ததும் எழுந்து நின்றாள். பயந்தவளாகத் தெரியவில்லை. ரொம்ப நாளாக யாரோ வருவார்கள் என்று எதிர்பார்த்துச் சலித்துப்போனவள் போல இருந்தாள்.

சென்னம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து கொட்டை பொறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் ஆராயியே பேசினாள். சினிமாக்காரர்கள் வந்தார்கள். நடிகை வரவில்லை. பூ இரண்டு நாளில் போய்விடும், காத்திருக்க முடியாது என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டார்கள். உயரம் பார்த்து அவளை நிரையிலிருந்து கூப்பிட்டார்கள். நடிகையின் சேலையைக் கட்டிவிட்டார்கள். பூ வைக்க வந்தபோது மூன்று தடவை மாட்டேன் என்றாள். துரையே நின்று தலையாட்டிய பிறகு ஒருத்தன் செடியை வளைத்து ஒடித்து அவள் தலையில் செருகினான். செருகிய அவசரத்தில் அவள் காதையும் சேர்த்து முறுக்கினான். அதற்குத்தான் சிரித்தாளாம். அப்போதுதான் இன்னொருத்தன் படம் பிடித்தான். அதுதான் பிறகு காப்பிக் கம்பெனியின் கைக்குப் போயிருக்க வேண்டும்.

அந்த வைகாசியில் கல்மழை கொட்டியது. பிஞ்செல்லாம் உதிர்ந்தது. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இருந்தவர்கள் மழையைக் குற்றம் சொல்லவில்லை.

“என்ற தலையில வெச்ச பூவாலதான் காய் நிக்கிலீன்னாங்க. அதுக்கப்பறம் எந்த நிரையிலும் என்னைச் சேத்தறதில்லீங்க. மூணு வருசமா இந்த மூலைதான்.”

“படம் பாத்தியா?”

“ஏற்காட்டு டெண்ட்டுக் கொட்டகைக்கு வந்தப்பப் பாத்தனுங்க. நடக்கறது நானுங்க. திரும்பிப் பாக்கறது அவிக.”

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போலச் சொன்னாள்.

சென்னம்மாள் பத்திரத்தைப் பற்றிக் கேட்டாள். காப்பிக் கம்பெனி ஆள் டப்பாவோடு வந்தானாம். இது நீதானே என்றானாம். ஆமாம் என்று கட்டைவிரலை வைத்தாளாம். அதில் 1938 என்று எழுதியிருப்பது அவளுக்குத் தெரியாது. படித்துக் காட்டியபோது வருஷமே சொல்லவில்லை. சென்னம்மாள் அதை விளக்கினாள். அந்த வருஷத்தால் அது பொய்ச் சத்தியமாகிவிடும், அதற்கு ஜெயில் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

ஆராயி கொட்டையை முறத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். “வருசம் தப்புன்னா தப்புன்னு ஜட்ஜுகிட்டச் சொல்லிப்போடறனுங்க. மூஞ்சி தப்பில்லீங்களே. எம் மூஞ்சிய எனக்கில்லீன்னு சொல்றதுக்கு ஒரு கோர்ட்டுங்களா?”

“அந்தக் கம்பெனி உனக்கு ஏதாச்சும் குடுத்துச்சா?”

“டப்பா குடுத்தாங்க.” பிறகு அதுவே வேடிக்கையாகத் தோன்றியிருக்க வேண்டும். “காலி டப்பாங்க.”

அவள் சிரித்தாள். கை தானாக எழுந்தது. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் வெளியே சுருண்டு, புறங்கை உதட்டைத் தொட்டது. கோர்ட்டில் எண் போட்டுக் கிடந்த அந்தப் படம் சென்னம்மாளின் முன்னால் ஒரு கணம் மூச்சுவிட்டது. அதுவரை பக்கத்தில் குந்தியிருந்த அங்கப்பன் அடுப்பைக் கிளறப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

பிற்பகலில் ஏரிக்கரைப் பங்களாவுக்குத் திரும்பினார்கள். அங்கப்பன் வாசலிலேயே வண்டியோடு நின்றுகொண்டான். “நான் உள்ள வந்தா பதக்கத்தப் பாத்து அழுதுருவனுங்க” என்றான். குரலில் வேடிக்கை பாதிதான் இருந்தது.

மேஜைமேல் டைப் அடித்த காகிதம் தயாராக இருந்தது. பக்கத்திலேயே பேனா. மரகதவல்லி சால்வையைப் போர்த்திக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தாள். பகல் வெளிச்சத்தில் முகப்பூச்சு இல்லாமல் பார்க்க நாற்பது வயதுக்கு நாற்பதாகவே தெரிந்தாள். போன காரியம் முடிந்ததா என்று கேட்டாள்.

“முடிஞ்சுதுங்கம்மா.” சென்னம்மாள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். “கொழும்புக் கச்சேரி நல்லா இருந்துச்சுங்களா?”

மரகதவல்லி அதிர்ச்சி காட்டவில்லை. எதிர்பார்த்திருந்த தண்டனையைப் போல அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டாள்.  தெரியும் என்றாள். தான் வரவில்லை என்பது அவளுக்கு எப்போதும் தெரியும். யாரோ ஒரு கூலிக்காரியை வைத்து எடுத்துவிட்டோம் என்று கம்பெனிக்காரர்கள் அப்போதே சொன்னார்கள். முதல் வருஷம் அந்தக் காட்சி வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அதன்பிறகு திறந்து பார்க்க ஆரம்பித்தாள்.

“பார்த்துப் பார்த்து அது நானாவே ஆயிடுச்சு. அந்தச் சரிவில் இறங்கறப்ப என் காலில் முள் குத்தினது எனக்கு ஞாபகம் இருக்கு. எங்கே குத்தினதுன்னுகூடக் காட்டுவேன். நான் அந்தச் சரிவைப் பார்த்ததே இல்லை.” சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “இப்ப இரண்டாவது பவுனாத்தா எடுக்கறாங்க. வேற பொண்ணு. பத்தொன்பது வயசு. இந்த வழக்கில் ஜெயிச்சா பவுனாத்தா என்னோடவள்னு கோர்ட்டே சொல்லும். தோத்தா, நான் யாரும்மா?”

 கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைச் சென்னம்மாளும் கேட்டிருக்கிறாள், வேறு காரணங்களுக்காக.

மரகதவல்லி காகிதத்தில் இருந்ததை வாசித்துக்கொண்டே அதை அவள் பக்கம் நகர்த்தினாள். “காப்பிப் பூவைத் தோட்டத்துக்காரி வைக்கமாட்டாள். இந்த மலையில் பிறந்தவங்கற முறையில் எனக்குத் தெரியும். இவ்வளவுதான் இதில் இருக்கு. எந்த வரி பொய்?”

“ஒரு வரியும் பொய் இல்லீங்க.”

“அப்புறம்?”

சென்னம்மாள் பேனாவை எடுத்தாள். மூடியைத் திருகி மூடி, காகிதத்தின் மேலேயே வைத்தாள். “செருப்புக்கூட நெசமாத்தான் இருந்துச்சுங்க” என்றாள். மரகதவல்லிக்கு அது விளங்கவில்லை, சென்னம்மாளும் விளக்கவில்லை. வக்கீல் வேறு யாரையாவது கூட்டிவந்து எழுதி வாங்கலாம். ஆனால் தன்னைக் கூண்டில் ஏற்றினால் பூவையும் சொல்வேன், இருபத்தொன்பதாம் தேதியையும் சொல்வேன், அந்தப் பெண்ணுக்கு யார் பூ வைத்தார்கள் என்பதையும் சொல்வேன் என்று குரலை உயர்த்தாமல் தெரிவித்தாள்.

“முகம் சரியாத் தெரியலையே. அவதான்னு எதை வெச்சுச் சொல்றீங்க?”

“கையை வெச்சுத்தானுங்க.”

மரகதவல்லி படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இப்போது அவள் முகத்தில் வழக்கு இல்லை, வயது இல்லை. தன் தொழிலைப் பார்க்கும் ஒருத்தியின் கூர்மை மட்டும் இருந்தது. படத்தைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பது போல உதட்டை விரித்து, கையைத் தூக்கினாள். உள்ளங்கைதான் முதலில் வந்தது. திருப்பினாள். வளையல் இடித்தது. மறுபடி செய்தாள். அது கொசுவை விரட்டுவது போல இருந்தது.

“கை போய் முடிஞ்ச இடம் படத்தில் இருக்கு. எங்கேருந்து கிளம்புதுங்கறது இல்லை” என்றாள். குரல் மிகவும் தணிந்திருந்தது. “முழங்கையா, மணிக்கட்டா? கையெழுத்து வேண்டாம், விடுங்க. நீங்க இன்னிக்குப் பார்த்திருக்கீங்க. எழுந்து நின்னு ஒரே ஒரு தரம் எனக்குக் காட்டிட்டுப் போங்க.”

வெளியே அங்கப்பன் அடுப்பைக் கிளறும் சத்தம் கேட்டது. முழங்கால் கடுத்தது. சென்னம்மாளின் வலது கை மடியில் கிடந்தது. காலையில் கண்ணாயியின் கையைப் பிடித்ததில் ஒட்டிக்கொண்ட பிசுக்கு இன்னும் விரலிடுக்கில் இருந்தது. எப்படிக் கிளம்பும் என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

“வண்டி சூடாயிருச்சுங்கம்மா. நான் வரேனுங்க.”